புது பிராசசர் போர்டு மாட்டிய அமிகா 500 ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை என்று இந்த எல்லை ஊர்களில் பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் என் மேசைக்கு வருபவை அநேகமாக வளைகுடாவிலிருந்து வந்தவைதான். மாமாவோ சித்தப்பாவோ துபாயிலோ தம்மாமிலோ வேலை பார்த்துவிட்டு வரும்போது, டேப் ரெக்கார்டரோடு ஒரு அமிகா 500ஐயும் கட்டித் தூக்கி வந்திருப்பார். கமடோர் நிறுவனம் 1987இல் விற்பனைக்கு விட்ட இயந்திரம் அது. உள்ளே மோட்டோரோலா 68000 பிராசசர், பால் (PAL) என்ற டிவி முறைக்கான மாடலில் 7.09 மெகாஹெர்ட்ஸ் வேகம்.

அந்த 64 கால் சிப்பைக் கழற்றிவிட்டு, அதே சாக்கெட்டில் ஆர்வலர்கள் வடிவமைத்த ஒரு சிறு போர்டை மாட்டி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டலாம். நம் பக்கம் புழங்குவது மூன்று ரகம். 68000ஐயே 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும் எளிய போர்டு ஒன்று. 68030 சிப்பும் கூடுதல் நினைவகமும் வைத்த போர்டு இரண்டாவது, டெரிபிள்ஃபயர் வரிசை இதில் பெயர் பெற்றது. மூன்றாவது பைஸ்டார்ம். அதில் மோட்டோரோலா சிப்பே கிடையாது. ஒரு ராஸ்பெர்ரி பை உட்கார்ந்துகொண்டு 68000 மாதிரி நடிக்கும். விலையும் மலிவு, வேகமும் அதிகம் என்பதால் இப்போது எல்லோரும் அதைத்தான் மாட்டுகிறார்கள்.

"அண்ணா, போர்டு போயிடிச்சு" என்றுதான் ஃபோன் வரும். போர்டு போவது அபூர்வம். முப்பது வருஷத்துக்கு மேலான சாக்கெட்டும், களைத்துப்போன பவர் சப்ளையும், மேற்குக் கடற்கரையின் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலைக்குப் புதிதாக வந்த போர்டு பழி சுமக்கிறது. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: போர்டைக் கழற்றி, பழைய 68000ஐத் திரும்ப மாட்டி, அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதிலும் கோளாறு இருந்தால் போர்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், அமிகாவைச் சரி பண்ணுங்கள். பழைய சிப்பைத் தூக்கிப் போட்டவர்கள் முதலில் ஒன்று வாங்கி வையுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

திரை கறுப்பு, பவர் விளக்கு மங்கலாகவே நிற்கிறது

அமிகா 500இன் பவர் விளக்கு ஆன் செய்ததும் மங்கலாக இருக்கும். ரோம் சிப்பில் இருக்கும் தொடக்க நிரலான கிக்ஸ்டார்ட் ஓட ஆரம்பித்ததும் பளிச்சென்று ஆகும். மங்கலாகவே நின்றால் பிராசசர் முதல் படியையே தாண்டவில்லை என்று பொருள்.

பைஸ்டார்ம் மாட்டியவர்கள் இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். 68000 மாதிரி நடிக்கும் மென்பொருளான முசாஷி எமுலேட்டரை லினக்ஸ் மேல் ஓட்டுகிறீர்கள் என்றால், லினக்ஸ் முழுதாக எழுந்து எமுலேட்டர் தொடங்கும் வரை அமிகாவுக்குப் பிராசசரே இல்லை. அதுவரை கறுப்புத் திரைதான். இன்னொரு எமுலேட்டரான ஈமு68 லினக்ஸ் இல்லாமல் நேரடியாக ஓடுவது, அதனால் சீக்கிரம் எழும்.

பொறுத்தும் வரவில்லையா, மல்டிமீட்டரை எடுங்கள். சிப்பின் வெட்டுக்குறியை மேலே வைத்துப் பார்த்தால் இடது மேல் மூலை 1ஆம் கால். அங்கிருந்து கீழே எண்ணி, மறுபக்கம் மேலே ஏறினால் 64. பவர் வருவது 14, 49 ஆகிய கால்களில். கிரவுண்ட் 16, 53. இவற்றுக்கிடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். அடுத்து 18ஆம் கால், ரீசெட். 17ஆம் கால், ஹால்ட். ஆன் செய்த சற்று நேரத்தில் இரண்டும் மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். பூஜ்யத்திலேயே கிடந்தால் ரீசெட் சுற்றையோ ஏதோ ஒரு ஷார்ட்டையோ தேட வேண்டியதுதான். 15ஆம் கால் கடிகாரம். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள்: பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே இருக்கும் அலை என்பதால் மீட்டர் நடுவாக ஒரு வோல்டேஜ் காட்டும். சுத்தமான பூஜ்யமோ முழு 5 வோல்ட்டோ காட்டினால் கடிகாரம் ஓடவில்லை.

எல்லாம் சரியாக இருந்து பைஸ்டார்ம் மட்டும் பேசவில்லை என்றால், அதன் சிபிஎல்டி (நிரல் ஏற்றினால்தான் வேலை செய்யும் இணைப்புச் சிப்) சிப்புக்குள் நிரல் ஏற்றினீர்களா என்று யோசியுங்கள். காலியான சிபிஎல்டியோடு வரும் போர்டு வெறும் அட்டைதான். அந்தச் சிப்பிலும் இபிஎம்240, இபிஎம்570 என இரண்டு ரகம் உண்டு. ஒன்றுக்கான கோப்பு மற்றதற்கு ஆகாது. சிப்பின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். கேப்ஸ் லாக்கை விடாமல் தட்டுங்கள். அமிகா விசைப்பலகைக்குள் தனியாக ஒரு சிறு பிராசசர் இருக்கிறது, அழுத்திய விசைகளை அது கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். மெயின் பிராசசர் உயிரோடு இருந்தால் எத்தனை தரம் தட்டினாலும் விளக்கு அணைந்து எரியும். பத்து தட்டலுக்குள் விளக்கு உறைந்து நின்றுவிட்டால் மறுமுனையில் கேட்க ஆளில்லை என்று அர்த்தம்.

திரை முழுக்க ஒரே நிறம்

இது நல்ல செய்தி. பிராசசர் ஓடுகிறது, கிக்ஸ்டார்ட் தன் சோதனையில் எங்கே தடுக்கி விழுந்தது என்று சொல்கிறது. சிவப்பு என்றால் ரோம் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. பச்சை என்றால் சிப் ராம், அதாவது படம், ஒலிச் சிப்களும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம், கோளாறு. நீலம் கஸ்டம் சிப்களை, அதாவது அமிகாவுக்கென்றே செய்த படம், ஒலிச் சிப்களைக் காட்டும். மஞ்சள் வந்தால், பிழையைப் பிடிக்கும் ஏற்பாடு தயாராவதற்கு முன்பே பிராசசர் ஏதோ ஒரு தவறில் சிக்கியது என்று பொருள். சாம்பல் நிறங்களைக் கடந்து வெள்ளைக்குப் போவது வழக்கமான பாதை.

இந்த நிறங்களை அப்படியே நம்பி ரோம் வாங்கவும் ராம் மாற்றவும் ஓடாதீர்கள். பழைய 68000 போட்டபோது சரியாக ஓடி, போர்டு போட்டதும் சிவப்பு வந்தால் ரோம் கெடவில்லை. ரோமிலிருந்து வரும் பதினாறு தரவுக் கோடுகளில் ஒன்று போர்டைச் சென்று சேரவில்லை, அல்லது முகவரிக் கோடு ஒன்று தொடவில்லை. கூட்டிப் பார்த்தால் கணக்கு தப்புகிறது, அவ்வளவுதான். ஒரு தடவை சிவப்பு, அடுத்த தடவை பச்சை, அப்புறம் மஞ்சள் என்று மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம், சாக்கெட்தான். கீழே படியுங்கள்.

அமுக்கிப் பிடித்தால் ஓடுகிறது, கையை எடுத்தால் நிற்கிறது

மழைக்காலத்தில் என்னிடம் வருவதில் பாதி இந்த ரகம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் வற்றுவதே இல்லை. கடலோர வீடு என்றால் உப்பும் சேரும். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் தகடுகளின் வெள்ளீயப் பூச்சு மங்கி, சில இடங்களில் உள்ளே இருக்கும் செம்பு வெளியே வந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பழைய 68000 அதே இடத்தில் முப்பது வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்ததால், அதன் கால் தொட்ட அந்த ஒரு புள்ளி மட்டும் காற்றுப் புகாமல் சுத்தமாக இருக்கும். சிப்பைக் கழற்றியதும் அந்தப் புள்ளி போய்விட்டது. புது போர்டின் ஊசி வேறு இடத்தில் தொடுகிறது, களிம்பின் மேல் உட்கார்கிறது. "நேற்று வரை ஓடிய மெஷின், இந்த போர்டு வந்துதான் கெடுத்தது" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

கொல்லங்கோட்டிலிருந்து வந்த ஒரு அமிகாவின் சாக்கெட்டை டார்ச் அடித்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, வலது வரிசையில் நாலைந்து துளைகளுக்குள் பச்சைப் பொடி தெரிந்தது. ஆல்கஹால் தோய்த்த பிரஷ் விட்டுத் தேய்த்ததில் பொடி போனது. ஆனால் ஒரு துளையில் தகடே இல்லை. பாதி உடைந்து வேர் மட்டும் நின்றது. 50ஆம் கால், ஏ21 முகவரிக் கோடு. அது இல்லாமல் எந்தப் பிராசசர் வந்தாலும் ரோம் எங்கே, ராம் எங்கே என்று தெரியாது. சாக்கெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

என்ன செய்ய வேண்டும் என்றால்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்குங்கள், நாட்டு மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிப்பதானால் எண்ணெய்ப் படலம் விடாத ரகம் பாருங்கள். துளைகளைச் சுத்தம் செய்து நன்றாக உலர விட்ட பிறகு, போர்டை நேராக மாட்டி, மெல்ல எடுத்து, திரும்ப மாட்டுங்கள். சில தடவை செய்தால் தகடு தேய்ந்து புதுப் பரப்பு வெளிவரும். உப்புத்தாள், கத்தி முனை எதுவும் உள்ளே போகக் கூடாது. பூச்சு போனால் அடுத்த மழையிலேயே துருவேறும்.

அடுத்து மீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கும் நிலையில் வைத்து, போர்டின் மேல்பக்க ஈயப்புள்ளியிலிருந்து அமிகா மதர்போர்டின் அடிப்பக்கப் புள்ளி வரை ஒவ்வொரு காலாகப் பாருங்கள். 1 முதல் 5 வரையும் 54 முதல் 64 வரையும் தரவுக் கோடுகள். 29 முதல் 48 வரையும், 50, 51, 52ஆம் கால்களும் முகவரிக் கோடுகள். சலிப்பான வேலைதான். ஆனால் பத்து நிமிஷத்தில் முடியும், குற்றவாளியும் அகப்படும்.

மாட்டும் ஊசிகளையும் கவனியுங்கள். 68000இன் கால் மெல்லிய தகடு. சில போர்டுகளில் கடையில் கிடைக்கும் சாதாரண சதுர ஊசிகளை ஈயம் வைத்திருப்பார்கள். அவை தடியானவை; சாக்கெட்டின் தகடுகளைப் பிளந்து அகட்டிவிடும். அதற்கப்புறம் பழைய சிப்பை மாட்டினால் தொளதொளவென்று இருக்கும். மெல்லிய உருண்டை ஊசி வைத்த போர்டுதான் வாங்க வேண்டும். சதுர ஊசிதான் வந்தது என்றால், உருண்டை ஊசி சாக்கெட் ஒன்றை இடையில் வைத்து மாட்டுங்கள். உயரம் கூடும், மூடி மூடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடி என்றதும் இன்னொன்று. மேலே வரும் தகரக் கவசம் போர்டின் ஈயப்புள்ளிகளில் உரசலாம், விசைப்பலகை ராஸ்பெர்ரி பையை அமுக்கலாம். மூடி திறந்திருக்கும்போது ஓடி, திருகு முடுக்கியதும் நின்றுபோனால் இதுதான் காரணம். கவசத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இதே ஈரம், கஸ்டம் சிப்களில் ஒன்றான ஆக்னஸ் சிப்பின் 84 கால் சாக்கெட்டிலும் வேலை காட்டும். பச்சைத் திரை விடாமல் வந்தால் அதையும் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கென்று இருக்கும் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் சாக்கெட்டின் மூலை உடையும். அடிப்பக்கக் கதவில் ஏ501 நினைவகம் மாட்டியிருந்தால் அதையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அதற்குள் கடிகாரத்துக்கு ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும், அநேகமாக ஒழுகியிருக்கும். வெட்டி எறிந்துவிட்டு, கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, அப்புறம் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

சற்று நேரம் ஓடி, தானாக ரீசெட் ஆகிறது

முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல். செங்கல் மாதிரி வெளியே தனியாகக் கிடக்கும் அமிகாவின் பவர் சப்ளை தருவது மூன்று: 5 வோல்ட், கூட்டல் 12, கழித்தல் 12. லேபிளில் 5 வோல்ட்டுக்கு 4.3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும், உள்ளே கெப்பாசிட்டர்கள் வற்றிய பிறகு அந்தக் கணக்கு செல்லாது. அதன் தலையில் ராஸ்பெர்ரி பையையும் ஏற்றுகிறோம். பாரம் வரும்போது அது மட்டும் ஒரு ஆம்பியரைத் தொடலாம்.

வெறும் செங்கலின் பிளக்கில் அளந்துவிட்டு 5.1 இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிளாப்பி மோட்டார் சுற்றும் சமயம் பார்த்து, பிராசசர் சாக்கெட்டின் 14, 16ஆம் கால்களுக்கிடையே அளக்க வேண்டும். 4.75க்குக் கீழே இறங்கினால் அதுவே நோய். ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன் எச்டிஎம்ஐ திரையின் மூலையில் மின்னல் சின்னம் காட்டும். லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இது இலவச மீட்டர்.

பழைய செங்கலுக்குக் கெப்பாசிட்டர் மாற்றலாம். நான் பெரும்பாலும் மீன்வெல் ஆர்டி-65பி மாதிரி மூன்று வோல்டேஜும் தரும் தொழிற்சாலை ரக சப்ளையைப் பழைய பெட்டிக்குள் வைக்கச் சொல்வேன். அதில் சிறு திருகு ஒன்று உண்டு, 5 வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். வயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய வயர் போட்டால் அதிலேயே கால் வோல்ட் கரையும்.

சவுதியிலிருந்து வந்த இயந்திரம் என்றால் செங்கலின் லேபிளை முதலில் படியுங்கள். அங்கே 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இரண்டும் புழக்கத்தில் இருந்தன. தாழ்ந்த வோல்டேஜுக்கான செங்கலை நம் வீட்டு 230இல் சொருகினால் புகைதான் மிச்சம்.

பவர் சரி, ஆனாலும் சித்திரை வெயிலில் மட்டும் தொல்லை என்றால் சூடு. ராஸ்பெர்ரி பை 3ஏ ப்ளஸ் 60 டிகிரி தாண்டினாலே 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2க்கு இறங்கிக்கொள்ளும். விசைப்பலகைக்கு அடியில் காற்றோட்டம் கிடையாது. தட்டையான ஹீட் சிங்க் ஒன்று ஒட்டினால் போதும். 14 மெகாஹெர்ட்ஸ் போர்டில் பழைய 68000ஐயே மாட்டியவர்கள் சிப்பைத் தொட்டுப் பாருங்கள். அது 8 மெகாஹெர்ட்ஸுக்கு என்று அச்சிட்டு வந்தது. சில சிப்கள் 14இல் ஓடும், சில மத்தியானம் வரை மட்டும் ஓடும். 16 மெகாஹெர்ட்ஸ் குறியிட்ட 68எச்சி000 வாங்கி மாட்டினால் சூடும் குறையும்.

கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் ரீசெட் ஆகிறது என்றால் அது கோளாறே இல்லை.

கிக்ஸ்டார்ட் 3.1 வைத்தேன், ஆனால் பிளாப்பி பிடித்த கைதான் வருகிறது

கை பிடித்த பிளாப்பி கிக்ஸ்டார்ட் 1.3இன் படம். 3.1 என்றால் பிளாப்பி தானாக டிரைவுக்குள் நுழையும் அசைபடம் வரும். ஆக, போர்டு ஓடுகிறது, ஆனால் நீங்கள் எஸ்டி கார்டில் வைத்த ரோம் கோப்பை எடுக்கவில்லை. மதர்போர்டில் சொருகியிருக்கும் பழைய ரோமையே படிக்கிறது. கோப்பின் பெயரும் அமைப்புக் கோப்பில் எழுதிய பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றா என்று பாருங்கள். விண்டோஸ் கடைசி நீட்சியை மறைத்துவிடுவதால் பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம்.

கார்டையே படிக்கவில்லை என்றால் வடிவமைப்பைப் பாருங்கள். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வரும். ராஸ்பெர்ரி பைக்கு ஃபேட்32 வேண்டும். 16 அல்லது 32 ஜிபி கார்டு தாராளம். திருவிழாக் கடையில் மலிவாக வாங்கிய 128 ஜிபி கார்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

எச்டிஎம்ஐயில் படம் இல்லை, அல்லது டிவியில் கறுப்பு வெள்ளை

இரண்டுமே கோளாறு இல்லை. அமிகாவின் சொந்தப் படம் பழைய ஆர்ஜிபி துவாரத்தில்தான் வரும், பைஸ்டார்ம் மாட்டினாலும் அது மாறாது. எச்டிஎம்ஐயில் வருவது, கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி ராஸ்பெர்ரி பை தரும் தனித் திரை. அமிகாவின் மேசைத்திரையான வொர்க்பெஞ்சில் அதற்கான டிரைவரும், கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான மென்பொருளான பிக்காஸோ96உம் நிறுவி, அந்தத் திரையைத் தேர்ந்தெடுத்தால்தான் படம் விழும். பழைய கேம்கள் பெரும்பாலும் பழைய துவாரத்துக்கே போகும்.

கறுப்பு வெள்ளை? அமிகா 500இன் காம்போசிட் துவாரம் பிறவியிலேயே ஒரே நிறம். கலர் வேண்டுமானால் ஏ520 மாடுலேட்டரோ, ஆர்ஜிபியை மாற்றித்தரும் பெட்டியோ வேண்டும்.

பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, விசைப்பலகை உளறுகிறது, பிளாப்பி படிக்கவில்லை

மூன்றும் சேர்ந்து வந்தால் 20ஆம் காலைப் பிடியுங்கள். அதன் பெயர் இ கடிகாரம். 68000 தன் கடிகாரத்தைப் பத்தால் வகுத்து, ஆறு துடிப்பு கீழேயும் நான்கு துடிப்பு மேலேயுமாக அந்தக் காலில் தருகிறது. 7.09இல் பத்தில் ஒன்று 0.709 மெகாஹெர்ட்ஸ். விசைப்பலகையையும் பிளாப்பியின் கட்டுப்பாட்டுக் கோடுகளையும் கவனிக்கும் இரண்டு 8520 சிஐஏ சிப்களும் இந்தத் துடிப்பை நம்பித்தான் ஓடுகின்றன. அவற்றின் டைமர்கள் எண்ணுவதும் இதைத்தான்.

14 மெகாஹெர்ட்ஸ் போர்டில் என்ன நடக்கிறது பாருங்கள். மதர்போர்டின் 7 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தையும், அதிலிருந்து கால் சுற்று விலகி ஓடும் சிடிஏசி சிக்னலையும் ஒரு எக்ஸ்ஓஆர் கேட்டில் (இரண்டும் வேறுபடும்போது மட்டும் மேலே ஏறும் சுற்று) விட்டால் 14 கிடைக்கும். அதைப் பிராசசருக்குக் கொடுத்தால் அது தரும் இ கடிகாரமும் இரட்டிப்பாகி 1.4க்குப் போகும். டைமர்கள் இரட்டை வேகத்தில் எண்ணும், டைமரை வைத்துத் தாளம் போடும் பாட்டு பறக்கும், 1 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓட வேண்டிய சிஐஏக்கள் திணறும். நன்றாக வடிவமைத்த போர்டு இந்தக் காலைப் பிராசசரிடமிருந்து பிரித்து, 7 மெகாஹெர்ட்ஸிலிருந்து தானே இ கடிகாரத்தைச் செய்து அனுப்பும். வரைபடத்தில் அந்த ஏற்பாடு இல்லாத போர்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். 68030க்கும் இ கடிகாரம் என்ற காலே கிடையாது, ஆகவே அந்த போர்டுகளும் தாமே செய்தாக வேண்டும். அங்கே இந்தக் கோளாறு வந்தால் சிபிஎல்டி நிரலின் பதிப்பைப் பாருங்கள்.

பிளாப்பி மட்டும் படிக்கவில்லை, மற்றது எல்லாம் சரி என்றால் கதை வேறு. நம் ஊர் ஈரத்தில் பிளாப்பித் தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். தகரக் கதவைத் தள்ளிப் பாருங்கள், வெண்மையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் டிரைவுக்குள் விடாதீர்கள். தலை அழுக்காகி அடுத்த நல்ல பிளாப்பியையும் கீறும்.

குரு மெடிட்டேஷன்

அமிகா விழும்போது சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு எண்ணோடு காட்டும் பிழைச் செய்தி இது. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் பகுதி 0008 என்று முடிந்தால் அனுமதி மீறல். 68000இல் எந்த நிரலும் பிராசசரின் நிலைப் பதிவேட்டை (ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்) படிக்கலாம். அடுத்து வந்த 68010 முதல் அது தலைமை நிலையில் (சூப்பர்வைசர்) மட்டும் அனுமதிக்கப்பட்ட கட்டளை. 1980களின் கேம்கள் பல இதை அறியாமல் எழுதப்பட்டவை. 68020 அல்லது 68030 போட்டதும் அவை விழும். போர்டில் குறையில்லை. பழைய கேம்களை ஹார்ட் டிஸ்கில் நிறுவித்தரும் டபிள்யூஎச்டிலோட் வழியாக நிறுவினால் வேகப் பிராசசர்களுக்காகத் திருத்திய வடிவம் ஓடும்.

4 என்றால் பிராசசர் அறியாத கட்டளை. 3 என்றால் ஒற்றைப்படை எண் முகவரியில் இரண்டு பைட்டோ நான்கு பைட்டோ ஒன்றாக எட்ட முயன்றது. கடைசியில் பி என்று முடிந்தால், பெரும்பாலும் எஃப்பியு (தசமக் கணக்குப் போடும் சிப்) இல்லாத போர்டில் எஃப்பியு கேட்கும் நிரலை ஓட்டுகிறீர்கள். ஒரே வேலையைச் செய்யும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள், மறுபடி சாக்கெட்டுக்கும் பவருக்கும் போங்கள்.

68030 போர்டில் இன்னொரு சந்தேகமும் உண்டு. பழைய சிப்பைத் தேய்த்து, மேலே 50 மெகாஹெர்ட்ஸ் என்று புது எழுத்து அடித்து விற்கிறார்கள். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்தால் போலி எழுத்து கரைந்து வரும். கடிகாரத்தைக் குறைத்து மாட்டும்போது ஒழுங்காக ஓடினால் அது அந்த ஜாதிதான்.

கேபிள் சொருகும்போது சுருக்கென்று ஷாக்

இதை அலட்சியம் பண்ணுகிறவர்கள்தான் நல்ல போர்டை உண்மையாகவே கொல்கிறார்கள். இரண்டு ஊசி பிளக் வைத்த டிவிகளுக்கும் அடாப்டர்களுக்கும் எர்த் கிடையாது. உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக, அவற்றின் உலோகப் பகுதியில் மெயினின் பாதி வோல்டேஜ் அளவு மிதந்துகொண்டிருக்கும். கரண்டு மிகக் குறைவு, ஆளுக்குச் சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் எச்டிஎம்ஐ கேபிளை ஆன் நிலையில் சொருகும்போது தரவு ஊசி முதலில் தொட்டால் அது ராஸ்பெர்ரி பைக்குள் பாயும். ஜாய்ஸ்டிக், பிரிண்டர் கேபிள்களை ஓட்டத்தில் மாற்றினால் சிஐஏ போகும். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கேபிள்களை மாட்டி, அப்புறம் ஆன் செய்யுங்கள். அமிகா, டிவி, எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில், எர்த் உள்ள சாக்கெட்டில். ஐப்பசி மாத மாலை இடிக்கு முன்பே கேபிள் டிவி வயரையும் கழற்றிவிடுங்கள்.

இதே பத்தியில் இதையும் சொல்லிவிடுகிறேன்: அமிகாவுக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பைக்குத் தனியாக மொபைல் சார்ஜரைச் சொருகாதீர்கள். இரண்டு சப்ளைகள் ஒரே 5 வோல்ட் கோட்டில் மோதும்; அமிகா அணைந்திருந்தால் சார்ஜர் முழு மதர்போர்டையும் சுமக்கப் பார்க்கும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் வேகம் கூடிய மாதிரியே இல்லை

எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய கேம்கள் திரை புதுப்பிக்கும் கணக்கில், நொடிக்கு 50 என்று கட்டிப்போட்டவை. எந்தப் பிராசசர் வந்தாலும் அதே 50தான். சிப் ராமும் மதர்போர்டில்தான் இருக்கிறது. ஒரு தடவை எட்ட நான்கு துடிப்பு, ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பைட், 7.09ஐ நான்கால் வகுத்து இரண்டால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 3.5 எம்பி. அதற்கு மேல் எந்த போர்டாலும் இழுக்க முடியாது. வேகம் தெரிவது போர்டிலேயே உள்ள, பிராசசருக்கு மட்டுமான நினைவகமான ஃபாஸ்ட் ராமில் ஓடும் வேலைகளில்: 3டி கணக்கு, கோப்புச் சுருக்குவது, வொர்க்பெஞ்ச்.

ஆகவே ஃபாஸ்ட் ராம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். வொர்க்பெஞ்ச் திரையின் மேல் பட்டையில் கிராஃபிக்ஸ் நினைவகம், மற்ற நினைவகம் என்று இரண்டு எண்கள் இருக்கும். மற்றது என்பது சில நூறு கேபி மட்டும் காட்டினால், போர்டின் ராம் சேரவில்லை. கிக்ஸ்டார்ட் 1.3 வைத்துக்கொண்டு 32 பிட் முகவரியில் பெரிய ராம் கேட்டால் அது கண்டுகொள்ளாது. 3.1க்கு மாறுங்கள், இல்லையேல் பழைய 24 பிட் எல்லைக்குள் அடங்கும் 8 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.